பரண்மேல ஏறுன அம்மன்

யாரு சொன்னது செத்துப்போச்சின்னு? திருமலை மொதலாளியா? அவரு கெடக்காரு. அவருக்கு யாரு சொன்னாங்களோ. அழுவாதக்கா, கம்ப்யூட்டர் மிசினு சாவல. இப்டி குந்து, காட்டுறேன்.

எடம் பத்தலன்னு இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுதில்ல, அது மெய்தான். ஆனா எடம் இல்லாம இல்ல. உங்கூட்ல பரண் கீதா? கீதில்ல. அண்டா, ஓட்ட ஃபேனு, கிழிஞ்ச பாய், அல்லாத்தியும் மேல ஏத்துனாத்தான கீழ நாலு பேரு கால நீட்ட முடியும். மிசினோட மெமரிக்கும் அதே கததான். கீழ ஒரு ரூமு, மேல ஒரு பரண். போட்டுங்களுக்கு நீ ஐஸ் டோக்கன் அடிக்கிற புரோகிராமு கீழ மட்டுந்தான் படுக்கும். ஒடம்பு பெருத்தது அது.

பரண்ல இன்னா கீதுன்னு சொம்மா பாத்தா தெரியாது. அதுக்குத்தான் இந்த பிளாப்பி. இதுல கீற புரோகிராமு எதையும் ரிப்பேர் பண்ணாது, டார்ச்சு அடிக்கும், அவ்ளோதான். தோ, கட்டம் கட்டமா வருது பாரு. இது ஸ்கிரீனுக்கு வுட்ட எடம், தொடக்கூடாது. இது மிசினோட சொந்த சாமான், அதுவும் தொடக்கூடாது. நடுவுல காலியா வுட்டுகீதே, அது சொம்மா கெடக்குது. இம்மா வருசமா யாரும் ஏறிப் பாக்கல.

இப்போ கீழ யாரு கால நீட்டிகினு கீறாங்கன்னு பாப்போம். பிரிண்டரு, சரி. மவுசு. மவுசு எங்கக்கா? உடஞ்சி ரெண்டு வருசமாச்சா, சரிதான். அப்பால இது இன்னா, அம்மன்னு பேரு போட்டுகீது?

ஆயுத பூசைக்கா? உன் அக்கா புள்ள லோகநாதன் போட்டதா. மிசினு போட்டதும் அம்மன் மொகம் வர்றா மாரி. நெத்தில குங்குமம் வெச்சது பத்தாதுன்னு உள்ளயும் வெச்சிட்டீங்க. அங்கதான் சிக்கலு. படம் வந்துது, போச்சின்னு நீ நெனக்கிற. அம்மன் போவலக்கா. கதவாண்டயே குந்திகினு கீது. டோக்கன் கால நீட்ட முடியாம முட்டிகினு நிக்குது.

எடுக்கல, எடுக்கல. கைய வுடு. நீ சொல்லாம எடுப்பனா. மேல ஏத்தி வெக்கறேன். ஓட்ட ஃபேனோட இல்லக்கா, தனி எடத்துலதான். எங்கூட்ல புத்தரு பீரோ மேலதான் கீறாரு, இன்னிவரிக்கும் கோச்சிக்கல.

ஒரே ஒரு வரி மாத்திகீறேன். ஆஃப் பண்ணிட்டு போடு. நீயே போடு.

வந்துச்சா மொகம்? இப்போ டோக்கன் அடி. அலைமகள், பதினஞ்சு கட்டி ஐஸு. ஸ்கிரீன்ல ரெண்டு அலைமகள் கீதே, எது எந்த போட்டுன்னு எப்டி கண்டுபுடிக்கிற? போட்டு டிரைவரு ஜன்னல்ல எட்டிப் பாக்குற தினுசுலயா. அது எந்த கிளாஸ்லயும் சொல்லித் தரமாட்டாங்க. தோ, அடிச்சிட்ச்சி. டார்ச்சு அடிச்சிப் பாரு, மேல அம்மன் பேரு, கீழ எம்மாம் எடம்.

அய்ய, கும்புடாதக்கா. நா இன்னா டாக்டரா.

மாயாவா? எம் பொஞ்சாதிக்கு இன்னா, நல்லாத்தான் கீது. அந்த கம்ப்யூட்டர் கோர்ஸு முடிச்சிட்ச்சி. வேல? ம். வரும். சங்கரா மீனா? வோணாம். பேக்ல போடாதக்கா. மாயாக்கு புடிக்கும்னு தெரியும், புள்ள வயித்துல இருந்தப்போ நீ குடுத்தனுப்பாத நாளு ஏது. அதாலதான் வோணான்றேன். டீயும் வோணாம்.

மூஞ்சிக்கி ஒண்ணும் ஆவல. வெய்யிலு.

கொஞ்சம் நவுந்துக்கோ. மிசினுகிட்ட ஒரு வேல பாக்கி கீது. அந்த ஒரு வரிய திருப்பி எழுதணும். எழுதுனா ஓடாதுதான், தெரியும். சாயங்காலம் மொதலாளி வந்து போட்டுப் பாப்பாருல்ல, அப்போ ஓடக்கூடாது. நேத்து ஃபோன்ல கேட்டாரு. பாக்காமயே செத்துப்போச்சின்னுட்டேன். புச்சு மிசினு வாங்குங்க, அதுக்குப் படிச்ச ஆளா போடுங்கன்னேன். நீ அழுவவும் கை தானா பிளாப்பிய எடுத்துட்ச்சி. எடுத்திருக்கக் கூடாது.

முடிஞ்சிதுக்கா. அம்மன கதவாண்டயே எறக்கி வெச்சிட்டேன்.

திங்கக்கெழம உன் எடத்துக்கு மாயா வரும். பயந்த பொண்ணு, உனக்குத் தெரியாததா. அந்த ரெண்டு அலைமகள் மட்டும் அதுக்கு ரவ சொல்லிக் குடுத்துட்டுப் போக்கா.