கடைசி ரீடிங்

நன்றி இன்ஸ்பெக்டர், பாலும் சீனியும் இல்லாத தே ஓ போதும். இனிப்பை விட்டு நாளாகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயது.

கட்டடம் கீழே இறங்கிவிடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பக்கவாட்டில் தள்ளினால் அஸ்திவாரத் தூண் எவ்வளவு நகரும் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். கிள்ளானின் சேற்றுமண்ணுக்கென்றே மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேலதிகாரி பரமேஸ்வரன் கூட்டத்தில் சிரித்தார். "ரேமண்ட், ஒங்க கணக்கு பேப்பர்லதான் நிக்கும் லா," என்றார். எல்லார் முன்னாலும் மூக்குடைபட்டேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை.

அதனால்தான் சோதனை. மண்ணில் இறக்கிய இரண்டு தூண்களுக்கு நடுவே ஜாக்கையும் முட்டாக ஓர் இரும்புத் தண்டையும் பொருத்தி, படிப்படியாக விசையைக் கூட்டித் தள்ளுவோம். தூண் நகர்வதை டயல் காட்டும். அருகில் குனிந்து அதைப் படிப்பது குகனின் வேலை. ரவாங்கிலிருந்து ரயிலில் வருகிறவன், புதிதாகக் கல்யாணமானவன். நான் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டான்.

என் கணக்கு சரியா என்பது கடைசிப் படியில்தான் தெரியும். அதற்கு முந்திய படியில் அவன் நிமிர்ந்தான்.

"பாஸ், முட்டு வளையுது. ரிலீஸ் பண்ணிடலாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒருமுறை நெருக்கிய மண் பழையபடி ஆகாது. ஜாக்கைத் தளர்த்தினால் அந்தச் சோதனை வீண். இன்னொன்றுக்குப் பரமேஸ்வரன் சம்மதிக்கமாட்டார்.

"ஒண்ணும் ஆவாது. நீ டயலைப் பாரு," என்று சொல்லிவிட்டு ஜாக்கின் பம்பை அழுத்தினேன்.

டயல் முள் நின்ற மறுகணம் முட்டு தெறித்து அவன் நெஞ்சில் அடித்தது. ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸை எப்போது கூப்பிட்டேன் என்று கேட்கிறீர்கள். பிறகு கூப்பிட்டேன். முதலில், "ரீடிங் எவ்வளவு?" என்று அவனிடம் கேட்டேன். மூச்சுத் திணறத் திணறச் சொன்னான். என் கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முட்டு வளைவதை முதலில் பார்த்தது குகன் இல்லை. அவன் சொல்வதற்கு வெகு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

"சரியா வந்துடுச்சு, குகன்," என்று அவன் காதருகே சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சந்தோஷம்தான். வலியில் இருக்கிற மனிதன் அப்படி இமைக்காமல் பார்க்கமாட்டான்.