இன்னும் ஒரே ஒரு நிபந்தனை

— இது பால் கரண்டிடா. இத வச்சா கறிக்குழம்பக் கிண்டின?

— தெரியலம்மா. கரண்டி கரண்டிதானே.

— கரண்டி கரண்டிதானேங்கறான். யூத வீட்டுல பாலும் கறியும் கலக்கக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு? பாலுக்கு நீலம், கறிக்குச் சிவப்புன்னு ஹிண்டெல் ஒவ்வொண்ணுக்கும் நூல் சுத்தி வச்சிட்டுத்தான் போனா. அந்த நூலையும் பிச்சுப் போட்டாச்சு. பெத்தவ வந்து பிரிச்சு அடுக்கணும். என் தலையெழுத்து.

— அவ பேர இந்த வீட்டுல எடுக்காதம்மா.

— பேர எடுக்கக்கூடாது, ஆனா உன் பொண்டாட்டியா மட்டும் இருக்கணும். இது என்னடா நியாயம் ஆன்ஷெல்? கோர்ட்டுல பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. அவ ஒரு தெரு, நீ ஒரு தெரு. ஆனா நம்ம மதப்படி நீ விலக்குச் சீட்டு குடுக்காம அவ இன்னொருத்தன ஏறெடுத்துப் பாக்க முடியுமா? முப்பத்திநாலு வயசுப் பொண்ணு. குழந்தை குட்டின்னு அவளுக்கு ஆசை இருக்காதா?

— குடுக்க மாட்டேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?

— சொல்லல. அதான் வயித்தெரிச்சல். மாட்டேன்னு சொல்லியிருந்தா மதகுருமார் சபை உன்ன ஒரு வழி பண்ணியிருக்கும். நீ தரேன் தரேன்னே தராம இருக்க.

— அதில்லம்மா. எல்லாத்துக்கும் ஒரு கொள்கை இருக்கு.

— கொள்கையா? ஃப்ரிட்ஜுல அழுகுற முள்ளங்கி, அது கொள்கையா? ஜெபக்கூடத்துல உன்ன வேதம் படிக்கக் கூப்பிட்டு எத்தனை மாசமாச்சு? நீ உக்காந்தா பக்கத்து ஆள் எழுந்து போறான். மாடியில பொம்பளைங்க வரிசையில உக்காந்து நான் அதப் பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தத் துணியக் குடு, இந்தத் தட்டு ஒட்டுது.

— கதவு திறந்திருந்துது, வந்துட்டேன். மன்னிக்கணும் பெர்ல் அம்மா. உங்க பையன் வீட்டு லிஃப்ட் இந்த ஜென்மத்துல சரியாகாது போல. நாலு மாடி. என் முட்டி ரெண்டையும் ரெண்டாவது மாடியிலயே விட்டுட்டு வந்திருக்கேன்.

— வாங்க ரெப் யோய்னே, உக்காருங்க. டீ போடறேன். சபை அனுப்பிச்சுதா உங்கள? ரப்பிமார் வந்தாச்சா?

— மூணு ரப்பிமாரும் வந்தாச்சு. சாட்சி ரெண்டு பேரும் வந்தாச்சு. சீட்டு எழுதறவர் இறகைச் சீவி, மை கலக்கி, தோல் விரிச்சு உக்காந்திருக்காரு. சீட்டுல இருக்க வேண்டிய ஆன்ட்வெர்ப் ஊர் பேரு, ஊரு ஓரமா ஓடற ஷெல்ட் ஆத்தோட பேரு, எழுத்துப் பிசகாம எழுதிடுவாரு. ஆறு அது பாட்டுக்கு ஓடுது. இவர்தான் அசைய மாட்டேங்கறாரு. என்ன ஆன்ஷெல், கோட்டப் போட்டுக்கறீங்களா?

— ரெப் யோய்னே, நான் வரதுக்குத் தயார். ஒரே ஒரு விஷயம்.

— சரி, ஆகட்டும். சொல்லுங்க. மொத தடவை, உங்க தாத்தா கடிகாரத்த அவ எடுத்துட்டுப் போயிட்டான்னீங்க. அந்தப் பொண்ணு டிராம்ல வச்சுத் தூக்கிட்டு வந்து குடுத்துது. இதோ, உங்க தலைக்கு மேல அடிச்சுக்கிட்டிருக்கு. அடுத்த தடவை, அவ அண்ணன் ஃபைவிஷ் வந்து மன்னிப்புக் கேக்கணும்னீங்க. அவன் மழையில நின்னு கேட்டான். நீங்க ஜன்னலத் திறந்து, காதுல சரியா விழலன்னீங்க. திரும்பவும் கேட்டான். இன்னைக்கு என்ன?

— அவ சபையில வந்து, தப்பு என் மேலதான்னு சொல்லணும்.

— சொல்றாளாம்.

— என்ன?

— நீங்க இதத்தான் கேப்பீங்கன்னு எனக்கு ஒரு யூகம். நேத்தே அவகிட்ட கேட்டுட்டேன். என்ன தப்புன்னு அவர் சொல்லட்டும், அதையே வார்த்தை மாறாம சொல்லிடறேன்னுட்டா. சொல்லுங்க, என்ன தப்பு?

— அது அவளுக்கே தெரியும்.

— தெரியலையாம்.

— தெரியலைங்கறதுதான் தப்பு.

— பெர்ல் அம்மா, டீ வேண்டாம். குடிச்சு முடிக்கற வரைக்கும் இங்க இருந்தா மாடியில இருந்து குதிச்சிடுவேன்.

— கோவப்படாதீங்க ரெப் யோய்னே. டேய், அவர் வயசுக்காவது ஒரு மரியாதை குடுடா.

— எனக்குக் கோவம் இல்லம்மா. இழுத்துட்டுப் போய்க் கையெழுத்து வாங்கற காரியமா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன். இவர் மனசார, தன் வாயால ‘எழுது’ன்னு எழுதறவருக்குச் சொல்லணும். மிரட்டி வாங்கினா சீட்டு செல்லாது. அதனாலதான் இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏறி ஏறி இறங்கறேன். கீழ வண்டியில இருக்கேன். நீங்க பேசுங்க. நீங்க பேசாம வேற யாரு பேச.

— பாத்து இறங்குங்க. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. உக்காருடா. இப்ப நாம ரெண்டு பேரும்தான். நெசமாச் சொல்லு. அவ திரும்பி வருவான்னு நினைக்கிறியா?

— இல்ல.

— வேணும்னு இருக்கா?

— அதுவும் இல்ல.

— அப்புறம் எதுக்குடா கண்ணு இந்தப் பாடு?

— அவ சந்தோஷமா இருக்காம்மா. பேக்கரி வாசல்ல பாத்தேன். யாரோடயோ சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கறா. எட்டு வருஷம் என்னோட இருந்தவ. அவ்வளவுதானா நான்? சீட்டு குடுத்த மறுநாளே அவ கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சிடும். எனக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?

— அவ சிரிச்சா உன் மரியாதை போயிடுமா?

— உனக்குப் புரியலம்மா. உன்னையே எடுத்துக்கோ. அப்பாவும் நீயும் சண்டை போட்டுப் பிரிஞ்சீங்க. அவர் சூரிச்சுக்குப் போனப்ப எனக்கு எட்டு வயசு. அதுக்கப்புறம் நீ யாரையாவது ஏறெடுத்துப் பாத்தியா? பிரிஞ்சாலும் அவரோட மனைவியாத்தானே இருந்த? அது மரியாதை. அவகிட்ட நான் எதிர்பாத்தது அதுதான்.

— நான் அப்படியா இருந்தேன்?

— ஊரே சொல்லும். பெர்ல் மாதிரி ஒரு பொம்பளையப் பாக்க முடியாதுன்னு.

— ஊருக்கு என்ன, சொல்லும். உங்கப்பா சீட்டு குடுக்கலடா.

— என்ன சொல்ற?

— குடுக்கல. கேட்டேன். ரயில் ஏறிப் போய்க் கேட்டேன். உங்க அத்தையக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். அவரும் மாட்டேன்னு சொன்னதே இல்ல. வெள்ளிக் கிண்ணத்தக் கொண்டா, தரேன்னாரு. எங்கப்பா வந்து பேசட்டும், தரேன்னாரு. எங்கப்பா போனாரு. அந்த வாரம் உங்கப்பாவுக்குப் பேச நேரமில்லாமப் போச்சு.

— நீ சும்மா சொல்ற. என்ன வழிக்குக் கொண்டுவரணும்னு.

— யோய்னே கீழதான் இருக்காரு. போய்க் கேளு. எனக்காக சூரிச் சபைக்குப் போய் வந்தவர் அவர்தான். அப்ப அவருக்கு முட்டி நல்லா இருந்துது.

— யாராவது இருந்தாங்களாம்மா? அதாவது, உனக்கு...

— இருந்தாரு. ரொட்டர்டாம்ல கண்ணாடிக் கடை வச்சிருந்தாரு. லைசர்னு பேரு. உனக்கு ஒரு தடவை கலைடாஸ்கோப் வாங்கிட்டு வந்தாரு, நீ அத உடைச்சுப் பாத்த. ரொம்பப் பொறுமையான மனுஷன். அவர் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்குமில்ல. அவங்க அக்கா வேற இடத்துல பாத்து முடிச்சிட்டாங்க. தப்பே சொல்ல முடியாது.

— இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையேம்மா.

— உங்கப்பன நீ சாமி மாதிரி வச்சிருந்த. அதப் போய் எதுக்குக் கெடுக்கணும்? இன்னைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நான் ஆசைப்பட்டு இருந்த மாதிரி நீ பேசின பாரு, அதத்தான் தாங்க முடியல.

— அவர் வெள்ளிக் கிண்ணம் கேட்டாரு. நான் கடிகாரம் கேட்டேன்.

— இப்படி வெறிச்சு வெறிச்சுப் பாக்காத. குடிக்கத் தண்ணி வேணுமா?

— வேண்டாம். நகரு, ஜன்னலத் திறக்கணும். ரெப் யோய்னே, மேல ஏறி வராதீங்க. நான் இறங்கி வரேன். ஆமா, இப்பவேதான். இல்ல, எதுவும் கேக்க மாட்டேன்.

— தொப்பி போட்டுக்கோ. வெளிய தூறுது. அங்க போனா, அவ ரெண்டு கையையும் சேத்து ஏந்திக்கிட்டு நிப்பா. சீட்ட மெதுவாப் போடு. விட்டெறியாத.

— சரிம்மா.

— சட்டைக் காலரச் சரி பண்ணு.

— அம்மா, ஒண்ணு கேக்கணும். சூரிச்ல இருந்து போன் வந்துதே, அப்பா போயிட்டாருன்னு. நீ அப்படியே சமையக்கட்டுல தரையில உக்காந்து அழுத. என்னால உன்னத் தூக்கி நிறுத்தக்கூட முடியல. அவர் உன்ன இந்தப் பாடு படுத்தியிருந்தா, அப்படி ஏம்மா அழுத?

— சீட்டு இல்லன்னா புருஷன் செத்தாத்தான்டா கண்ணு கட்டு அவிழும். அன்னைக்குத்தான் எனக்கு விடுதலை.