முள்ளம்பன்றி வளை மண்ணு

...இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? இருமலுக்கு மருந்து கேட்டு வந்தா, "குகைக்குள்ள போனீங்களா, காட்டு மிருகத்தோட வளையில கைய விட்டீங்களா"ன்னு கேக்குறாரு டாக்டரு! எங்க மாப்பிள்ளை என்ன கீரிப்பிள்ளையா? மூக்குக்கண்ணாடிக் கடையில பவர் பாக்குற மனுஷன்!

உக்காரும்மா, உன் நம்பர் இன்னும் வரல. ரெண்டு மாசமா இருமல். மொதல்ல சளின்னாங்க, அப்புறம் டிபின்னாங்க. மாத்திரையா முழுங்கி ஆளு தொடப்பக்குச்சியா போயிட்டாரு. இப்ப நுரையீரல்ல பூஞ்சையாம்! பழைய ரொட்டியில பூக்குமே, அந்த ஜாதி. மண்ணுல இருக்குமாம், அதுலயும் மிருகம் தோண்டுன பொந்துன்னா அதுக்கு பங்களாவாம். எந்த மண்ணுன்னு தெரிஞ்சா சீக்கிரம் மருந்து குடுக்கலாம், இல்லாட்டி நாளைக்குக் காலையில நெஞ்சைக் குத்தி சதை எடுக்கணுங்குறாரு. இவரு, "எதையும் தொடலையே டாக்டர்"ங்குறாரு. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் பாரு!

எங்க நாத்தனார் வீட்டு ரோஜாவைப் பாத்திருக்கியா? நீ எங்க பாத்திருப்ப... ஒவ்வொண்ணும் கைக்கொழந்தை தலையளவு. "உங்க வீட்டுச் செடி என்ன அண்ணி, பட்டினி கெடக்குதா"ன்னு கேட்டா. என்னை! அந்த வயித்தெரிச்சல்ல நான் தேடாத மண்ணு இல்ல. ரயில் தண்டவாளத்துக்கு அந்தாண்ட மேட்டுல, முள்ளம்பன்றி ஒண்ணு வளை தோண்டி வாசல்ல குவிச்சு வெச்சிருந்துச்சு... மாவு தோத்துது போ! வாசல்ல இருந்தது பத்தல. உள்ளேயிருந்தும் கொஞ்சம் வாரினோம்.

வாரினோம்னா... மாப்பிள்ளைதான். நான் குனிய முடியுமா? குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கைய விட்டாரு பாவம். மொட்டைமாடியில சலிச்சதும் அவருதான். ஒரே புழுதி! எனக்குத் தும்மல் வருமேன்னு மூக்கைத் துணியால கட்டிக்கிட்டேன். அவருக்கா? ...துணி ஒண்ணுதாம்மா இருந்துச்சு.

"பொண்ணுகிட்ட மூச்சு விடாதீங்க"ன்னு சொல்லியிருந்தேன். அவ ஏற்கெனவே, "இன்னொரு பூந்தொட்டி வந்துச்சுன்னா, நான் இந்த வீட்ல இல்ல"ன்னவ. மனுஷன் விடலையே! டாக்டர் கேக்குறாரு, பொண்டாட்டி பக்கத்துல நிக்குறா, இவரு என்னை ஒரு பார்வை பாத்துட்டு "இல்லை"ங்குறாரு. எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷத்துல எனக்காக ஒரு பொய் சொன்னதில்ல. இது நுரையீரலை அடகு வெச்சு சொல்லுது. மாப்பிள்ளையாம், மாப்பிள்ளை...

நான் சொல்லாமயா இருப்பேன்? சொல்லுவேன். பொண்ணு அந்தாண்ட போகட்டும்னு பாக்குறேன். போறாளா? டாக்டர் ரூம்லயே வேரூன்றிட்டா. நாளைக்குக் காலையில ஊசி குத்துறதுக்குள்ள எப்படியும்...

என்னம்மா அப்படிப் பாக்குற? எங்க எந்திரிக்கிற? உன் நம்பர் இன்னும் கூப்பிடலையே! அந்தப் பக்கம் டாக்டர் ரூம்மா... இரு, இரு! நீ சொல்லாத. நானே வர்றேன், நானே சொல்றேன். நீ கதவை மட்டும் தட்டு.

...பொண்ணு உள்ளதான இருக்கா?

இருக்கட்டும். தட்டு.