ராட்சசன்னு எழுதிட்ட பேப்பர்

ஹலோ... ஹலோ, பாஞ்சாலியா? நான்தான்டி, ஹேமாவதி. ஆங், திருத்தணிலருந்துதான்... வேற எங்கருந்து பேசப் போறேன்? நல்லா கீறியா? முட்டி வலி எப்பிடி கீது?... ஆங்... ஆங்... புள்ள வூட்டுக்குப் போய்ட்டியே, திருப்பதி தண்ணி ஒத்துக்கிச்சா?... சரி சரி.

நாளைக்கு அரக்கோணத்துல உனுக்கு அரியர் பரிச்சை, ஞாபகம் இருக்குதில்ல?... இன்னாது, வரலியா? ஏய்!... இருடி, நான் சொல்றத கேளு... "மானிடப் புவியியலைத் தொடங்கி வெச்சவர் யாரு"ன்னு கேட்டா, ராட்செல்னு எழுதாம ராட்சசன்னு எழுதிட்ட. அவ்ளோதானே?... சிரிக்கலடி... சரி, கொஞ்சம் சிரிச்சிட்டேன்... மனப்பாடம் பண்ண நீயே வெச்ச பேரு, கையில அதான் வந்துச்சி. அதுக்கோசரம் தபால் படிப்பையே விட்டுடுவியா?

...உன் புள்ளயா? வெங்கடேசன் இன்னா சொல்றான்?... "இந்த வயசுல எதுக்கும்மா"வா? சொல்லுவான், சொல்லுவான். அப்ப பேத்தியை யாரு பாத்துக்கறது?... சரி, நான் ஒண்ணும் சொல்லல. உன் புள்ள.

...நானா? அந்த பேப்பர்தான் அப்பவே பாஸாயிட்டேனே. அடுத்த வருஷத்து பாடம் படிச்சிக்கினு கீறேன்... ஆங், தனியாதான். வாய் விட்டுத்தான் படிக்கறேன்... யாரு கேக்கறது? ஃபேனுதான்.

சரி, நீ சொல்லு பாக்கலாம். ராட்செலுக்கு முன்னாடி அடிப்படை போட்டவங்க ரெண்டு பேரு?... ஆங்! ஹம்போல்ட், ரிட்டர். பாத்தியா, மறக்கவே இல்ல! ஒருத்தரு மலை மலையா ஏறி சுத்தினாரு, ஒருத்தரு பாடம் நடத்திக்கினு இருந்தாரு... ஆங்... ரெண்டு பேரும் பெர்லின்ல, ஒரே வருஷத்துல போய்ச் சேந்தாங்க... பரிச்சைல வராதுதான். எனுக்கு அதுதான்டி மனசுல நிக்குது.

அப்புறம் உன் ராட்சசன். மருந்துக்கடைல தொழில் கத்துக்கினவரு. அவரு இன்னா சொன்னாரு?... ஆங், ஆங், மண்ணு எப்பிடியோ மனுசனும் அப்பிடி. பிரான்சுக்காரரு, விடால்?... கரெக்ட்டு! மண்ணு நாலு வழி காட்டும், எந்த வழின்னு மனுசன்தான் முடிவு பண்ணுவான்... இவ்ளோ தெரிஞ்சிக்கினு வர மாட்டேன்றியே!

...இன்னா சொல்ற?... வூட்ட வாடகைக்கு வுட்டுட்டியா? எப்போ?... ம்... பக்கத்துல உன் வூட்ல வெள்ளை அடிச்சிக்கினு இருந்தாங்க, நானும் பாத்தேன். நீ திரும்பி வர்றதுக்குன்னு நெனச்சிக்கினேன்... இல்ல, அழுவல. சளி.

...ஆங்?... இன்னா? பரிச்சைக்கு வரியா? நெஜமா? எம்மா தாயே!... வெங்கடேசனாண்ட சொல்லிட்டே வா... ஆங்... காலைல ரயிலு... எழுதிட்டு அப்பிடியே திரும்பிடுவியா? இங்க ஒரு வேளை சாப்ட்டுட்டு... ஓ, பேத்தியை ஸ்கூல்லருந்து அழைக்கணும். சரி. சரி சரி.

ஏண்டி, அந்த ரயிலு திருத்தணில நிக்கும் இல்ல?... அப்ப நானும் ஏறிக்கறேன்... எனுக்கு பரிச்சை இல்லதான்டி, தெரியும். அரக்கோணம் வரைக்கும் கேள்வி கேட்டுக்கினே வரேன்... அட, நான் திரும்பி வந்துக்கறேன், எனுக்கு இன்னா வேலை இங்க?... நீ ஜன்னலாண்ட உக்காந்துக்கோ. பக்கத்துல ஒரு துண்டு போட்டு வை. யாராச்சும் கேட்டா, ஆள் வருதுன்னு சொல்லு...

ஹலோ? பாஞ்சாலி?... கேட்டுச்சா? துண்டு போட்டு வை... ஆள் வருதுன்னு சொல்லுடி... ஹலோ?...