கூடு காலி

பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “லேசா சிரிக்கலாமா?” கூடாது என்று இருபத்தாறு வருடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஐயா. அதனால்தான் கதண்டுகளிடம் போனேன். அவை எதுவும் கேட்பதில்லை.

கதண்டு, குளவியில் பெரிய ஜாதி. கூட்டமாகக் கொட்டினால் ஆள் தேறுவது கஷ்டம். ஆனால் முகத்தை நெருங்கி எடுத்துப் பாருங்கள். நெற்றியில் கடுகு போல மூன்று குட்டிக் கண்கள் இருக்கும். மயிரிழை அசைந்தாலும் படம் போச்சு. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், முதுகு விட்டுப்போகும்.

இந்த வருடம் எங்கள் வீட்டுச் சாமான் அறையின் கூரை விளிம்பிலேயே கூடு கட்டின. மாடிப்படியின் நான்காம் படியில் நின்றால் கூடு என் கண்ணுக்கு நேரே. எனக்கு அது வீடு தேடி வந்த சீதேவி. என் மனைவி பயந்துபோய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டாள். நான் அவளுக்குத் தெரியாமல் மறுபடி கூப்பிட்டு, கூட்டை எடுத்தாகிவிட்டது, வர வேண்டாம் என்றேன். அவளிடம், பகலில் வந்து மருந்தடித்துவிட்டுப் போனார்கள், மிச்சம் மீதி தானாகப் போய்விடும் என்றேன். அவள் வேலைக்குப் போகிறவள். நம்பினாள்.

இரண்டு மாதம் எடுத்தேன். பத்திரிகையில் படம் தேர்ந்தெடுக்கும் அம்மா பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எல்லாம் சும்மா உக்காந்திருக்கு. கோபத்துல ஒண்ணு கிடைக்குமா?” என்றார்.

கோபம் சும்மா வராது. கூடு அதிர வேண்டும். நானே அதிர வைத்தால் படம் எடுப்பது யார்?

மனைவியின் அண்ணன் எலக்ட்ரீஷியன். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற மனுஷன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் அவர் கைதான். சாமான் அறை வாசலில் விளக்கு வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வரச் சொன்னேன். அந்தக் குளிரில் கதண்டுகள் உள்ளே அடங்கியிருக்கும். வெளிச்சமும் பக்கவாட்டில் விழும்.

“மாப்ள, இது கதண்டுக் கூடுல்ல?”

“காலிக் கூடு, மச்சான். மருந்தடிச்சாச்சு.”

“அப்புறம் எதுக்கு மூஞ்சிக்கு வலை, கோட்டு, கையுறை எல்லாம்?”

“ஒண்ணு ரெண்டு சுத்தும். என் உடம்புக்கு ஆகாது.”

“சரியான பயந்தாங்கொள்ளி,” என்று சிரித்தார். அவர் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. கேமராவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது எப்போதும் என் கையில் இருப்பதுதான். ஸ்டூலில் ஏறி, சுவரில் டிரில்லிங் மெஷினை வைத்து அழுத்தினார்.

மற்றதை மருத்துவ அறிக்கையில் படித்திருப்பீர்கள். அவர் கீழே விழுந்தார். “மாப்ள” என்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் உடனே படியிறங்கிப் போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மனைவி சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். கதவைச் சாத்திக்கொள், உன்னையும் கொட்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு என்றேன். ஆம்புலன்ஸுக்கு அப்போது சொல்லியிருக்கவில்லை.

முதல் படத்துக்கும் நான் போன் செய்ததற்கும் நடுவில் பதினோரு நிமிடம் என்கிறீர்கள். இருக்கும். என் வேலையில் பதினோரு நிமிடம் ஒரு நேரமே இல்லை.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாகலாம் என்று தெரியும். இரண்டும் ஒன்றல்ல. கூடு காலி என்று சொன்னது நான். தெரிந்தேதான் ஸ்டூலில் ஏற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எனக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து அசதியாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். கடைசிப் படத்தில் கதண்டு மச்சானின் புருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொடுக்கு பாதி இறங்கியிருக்கிறது. வயிற்றில் உள்ள ரோமங்களைக்கூட எண்ணிவிடலாம். அதற்குக் கீழே அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, ஐயா. அந்தக் கண் ஃபோகஸிலேயே இல்லை.