மாமனாரின்ர பேர்

இல்லைப் பிள்ளை, அந்தக் கதவு இல்லை. அது கலியாணம் எழுதுற அறை. குழந்தை பிறந்ததைப் பதியிறதெண்டா இஞ்சதான் இருக்கவேணும். வாங்கோ, என்ர பக்கத்தில இருங்கோ. பிள்ளை வண்டிலை இப்பிடி என்ர காலடிக்குத் தள்ளிவிடுங்கோ, நடைபாதையில நிண்டா ஒருத்தரும் வாயால ஒண்டும் சொல்லமாட்டினம், கண்ணால சொல்லுவினம். ஜெர்மனியில இந்தப் பான் நகரத்துச் சனம் கண்ணாலதான் ஏசும். வாயால ஏசினாலும் பரவாயில்லை, திருப்பி ஏசலாம்.

இந்தியாதானே நீங்கள்? போனில ஆமா ஆமா எண்டு கதைச்சதைக் கேட்டனான். நாங்கள் ஓம் எண்டுவம். நான் இமெல்டா. மன்னார். இஞ்ச ஒரு வயோதிபர் இல்லத்துச் சமையல்கட்டில வேலை. உங்கட பேர்? வர்ஷா. மழையெண்டுதானே கருத்து. இந்த ஊருக்கு அதை வெளியில இருந்து கொண்டு வரத் தேவையில்லை.

எனக்கோ? எனக்குப் பேர் அலுவல். பிறகு சொல்லுறன். இன்னும் நேரம் கிடக்கு. ரெர்மின், அதுதான் இவை குறிச்சுத் தாற நேரம், பத்துக்கெண்டா பத்துக்குத்தான் கூப்பிடுவினம். ரெயின் மட்டும் இவைக்கு நேரத்துக்கு வராது, அதைப் பற்றிக் கதைச்சாக் கோவம் வரும்.

ரீவி பாக்கிறனீங்களோ? பாஷை விளங்கேல்லையோ. அது ஒரு நிம்மதி. எனக்கு விளங்குது, அதுதான் கரைச்சல். போன மே மாசம் எங்கட சனம் வன்னியில அவ்வளவு செத்துது. இஞ்ச நியூஸில அரை நிமிசம் காட்டினவை. ஒரு படம், ஒரு கடற்கரை, அவ்வளவுதான். அது முடிய வந்தது கார்க் கதை. கேள்விப்பட்டிருப்பியள். ஒம்பது வருசம் ஓடின காரைக் கொண்டுபோய் நசுக்கக் குடுத்தா, புதுக் கார் வேண்ட அரசாங்கம் காசு தருதாம். நல்லா ஓடுற காரைப் பிள்ளை. என்ர பக்கத்து வீட்டுக் கிழவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைச்சுத் துடைச்சு வைச்ச கார். கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்து சிரிக்கிறார். ஏன் குடுத்தனீங்கள், ஓடினது தானே எண்டு கேட்டன். பழசுதானே எண்டார். அண்டைக்கு ரீவியை நிப்பாட்டினதுதான், இன்னும் போடேல்லை.

ஐயோ, முழிச்சிட்டா. பால் குடுக்கிறதெண்டாக் குடுங்கோ, நான் மறைச்சு இருக்கிறன். பொம்பிளைப் பிள்ளையோ? நல்லது. பேர் வைச்சாச்சோ? அது சரி, அது நீங்கள் வைக்கிற பேர். நான் கேக்கிறது குடும்பப் பேர். உங்கட பாஸ்போட்டில அந்த இடத்தில என்ன கிடக்கு? நரேஷ். உங்கட அவர். அவற்ர பாஸ்போட்டில? அனந்தராமன், அவற்ர அப்பா. விளங்குது. நீங்கள் இனிசியல் போடுற ஆக்கள், நாங்களும் அப்பிடித்தான். குடும்பப் பேரெண்டு ஒரு சாமான் எங்களிட்ட எப்ப இருந்தது? அகதியா வந்து நிக்கேக்க அது இல்லாட்டி இவை விடமாட்டினம். தகப்பன்ர பேரைப் போடுங்கோ எண்டு ஆரோ ஒரு புண்ணியவான் சொல்ல, எல்லாரும் போட்டது. அப்பிடித்தான் எங்கட சனம் முழுக்கத் தகப்பன்மாற்ர பேரில நடமாடுது.

ஆம்பிளையளுக்குத் தகப்பன். எங்களுக்கு மாமனார். நான் ஃப்ராவ் விஜயரத்தினம், ஃப்ராவ் எண்டாத் திருமதி. இவைக்கு அது வாயில வராது, வியயரட்னாம் எண்டுவினம்.

சிரிக்காதேங்கோ, பாஸ்போட்டில நரேஷ் எண்டு கிடந்தாலும் இவைக்கு நீங்களும் ஃப்ராவ் அனந்தராமன் தான். உங்கட மாமனார் நல்லவரோ? அப்ப பரவாயில்லை. என்ர மாமனார் சீதனமில்லாத மருமகள் எண்டு வாசல்படி ஏறவிடாத மனுசன். கலியாணத்துக்கு மாதா கோயிலுக்கு வந்தவர், பின்வரிசை வாங்கில இருந்திட்டுப் பூசை முடிய முதல் எழும்பிப் போனவர். ஒரு நாள் மருமகள் எண்டு கூப்பிடேல்லை. இஞ்ச வந்தா, டொக்டர், பள்ளிக்கூடம், பஸ்காரன், முழு ஜெர்மனியும் அந்த மனுசன்ர பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுது.

எங்கட ஊரில மாமனாற்ர பேரை மருமகள் வாயால சொல்லப்படாது. உங்கட பக்கமும் அப்பிடியோ? பாத்தீங்களே. ஆனா இஞ்ச போனை எடுத்தா ஹலோ எண்டு சொல்லமாட்டினம். குடும்பப் பேரைத்தான் சொல்லவேணும். வேலையிடத்தில பழக்கிவிட்டவை. எனக்கும் அது வாயில ஒட்டிப்போச்சு. ஒருநாள் வீட்டுப் போன் அடிச்சது. எடுத்தன். விஜயரத்தினம் எண்டன், நல்லாச் சத்தமா. அங்கால ஆர் எண்டு நினைக்கிறியள்? மன்னாரில இருந்து அந்த மனுசன்தான். போன் கடையில காத்துக்கிடந்து, மகனோட கதைக்கவெண்டு எடுத்திருக்கிறார். மருமகள் என்னைப் பேர் சொல்லி அதட்டினவள் எண்டு போனை வைச்சிட்டார். அதுக்குப் பிறகு சாகுமட்டும் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இது ஜெர்மன்காரற்ர பழக்கம் மாமா எண்டு ஆர் போய் விளங்கப்படுத்திறது? என்ர மனுசன் விளங்கப்படுத்தியிருக்கலாம். அவர் சிரிச்சவர்.

அவரோ? அவர் என்னோட இல்லைப் பிள்ளை. டிவோர்ஸ் எடுத்து மூண்டு வருசம். சண்டை சச்சரவு ஒண்டுமில்லை. எனக்குத் தனிய இருக்கவேணும் போல கிடக்கு, இமெல்டா எண்டார். அலோசியஸ் எண்டாத் தங்கமான மனுசன் எண்டு கோயிலில எல்லாரும் சொல்லுவினம். எனக்கும் அப்பிடித்தான் பட்டது. தனிமை வேணுமெண்டு கேக்கிற மனுசனோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?

ஓம், டிவோர்ஸ் எடுத்த அண்டைக்கே பேரை மாத்தியிருக்கலாம். மாத்த ஏலும். மகள் சாண்ட்ரா அப்ப பள்ளிக்கூடம். தாய்க்கொரு பேர், பிள்ளைக்கொரு பேர் எண்டா எல்லா இடத்திலயும் கேள்வி. பிள்ளைக்காகத்தான் வைச்சிருக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொன்னனான். இப்ப அவ கொலோனில தொழில் படிக்கிறா. அவ போயும் நான் மாத்தேல்லை.

இண்டைக்கு உள்ள போய்க் கையெழுத்து வைச்சா இனி ஃப்ராவ் ராசன். ராசன் என்ர அப்பா. நல்ல மனுசன், குறை சொல்ல ஏலாது. ஆனா அதுவும் என்ர பேர் இல்லையே. இமெல்டா எண்டு மட்டும் எழுத ஏலாதோ எண்டு போனில கேட்டன். அது முதற்பேர், ஒண்டில் கட்டின பேர், இல்லாட்டிப் பிறந்த பேர் எண்டு இஞ்ச வேலை செய்யிறவ சொன்னா. நீங்கள் குழந்தைக்கு என்ன எழுதுறதெண்டு வடிவா யோசியுங்கோ. அவசரப்படாதேங்கோ. இவை ஒருக்கா எழுதினாக் கல்லில வெட்டின மாதிரி.

ஏன் இப்ப திடீரெண்டு எண்டோ? போன மாசம் பொம்பிளையளின்ர டொக்டரிட்டப் போனனான், இந்த வயசில வாற கரைச்சல்தான். காத்துக்கொண்டிருக்க, ஃப்ராவ் வியயரட்னாம் எண்டு கூப்பிட்டினம். எழும்பினன். எனக்கு முன்னால இருந்த பிள்ளையும் எழும்பினது. எங்கட பிள்ளைதான், உங்கட வயசிருக்கும், வயித்தைப் பிடிச்சுக்கொண்டு. மேசையில இருக்கிறவ ரெண்டு பேரையும் பாத்திட்டு, மூத்தவ இருங்கோ, இளையவ வாங்கோ எண்டா. அவ வயசைத்தான் சொன்னவ. தமிழில அதுக்கு என்ன கருத்தெண்டு அவவுக்கு ஆர் சொல்லுறது?

அந்தப் பிள்ளைக்கு என்னைக் கண்டதில அவ்வளவு சந்தோசம். வந்து ஆறு மாசமாம், தமிழ் கதைக்க ஆளில்லையாம். அக்கா, உங்கட மாமனாரும் விஜயரத்தினமோ எண்டு கேட்டது. ஓம் எண்டன். அதில பொய் இல்லைத்தானே. எங்கட அவருக்கு மன்னார் அக்கா, பேர் அலோசியஸ், அவருக்கு இஞ்ச சொந்தமெண்டு ஒருத்தரும் இல்லை, ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ எண்டு கையைப் பிடிச்சது. பஞ்சு மாதிரிக் கை. அந்தக் கையில என்ன கோவிக்கிறது? உடம்பைப் பாத்துக்கொள்ளு பிள்ளை, இரும்புச்சத்துக் குளிசையை விட்டிடாதை எண்டு சொல்லிப்போட்டு இருந்தன். டொக்டரைப் பாக்காமலே வந்திட்டன்.

சாண்ட்ராவுக்காக எண்டு சொன்னன் எல்லே. அது பொய். தனிய இருக்கவேணும் எண்டவர், இருந்து அலுத்தாத் திரும்பி வருவார் எண்டு நினைச்சனான். வரேக்க வாசல் மணியில அவற்ர பேர் இருக்கட்டும் எண்டு வைச்சிருந்தன். அவ்வளவுதான்.

பாத்தீங்களே, நித்திரையாப் போனா. நல்ல பிள்ளை.

ஓம், கேட்டது. என்னைத்தான் கூப்பிடுறா. வியயரட்னாம் எண்டு. எழும்பத்தான் வேணும்.

இருங்கோ பிள்ளை. இன்னொருக்காக் கூப்பிடட்டும்.