சித்திரை வெயிலுக்கு ஒரு கம்பளி

— ஏய்! உன்னைத்தான்! ராட்டினத்தை எதுக்கு நிறுத்தினே? கீழ இறக்கு!

— பதறாதேயும் அண்ணாச்சி! இஞ்சின் பெல்ட்டு நழுவிப் போச்சு. இப்பம் மாட்டிருவேன்!

— நாங்க உச்சிக்கு வந்த நேரம் பாத்துத்தான் பெல்ட்டு நழுவுமா? மத்த எல்லாரையும் இறக்கி விட்டாச்சு. நாங்க ரெண்டு பேரு மட்டும் இங்கன தொங்கணுமா? அம்மை வேற கீழ தனியா நிக்கா!

— அவங்க எல்லாம் நிலா பாக்கக் கடக்கரைக்குப் போயாச்சு அண்ணாச்சி. நீரு அங்கன இருந்தே பாரும். அதுக்குத் தனி டிக்கெட்டு கெடையாது!

— நக்கலைக் கேட்டியா சொர்ணம்? இறங்கினதும் மொத வேலை, இந்தக் கார்னிவல் மேனேஜரைப் பாத்து இவன் சீட்டைக் கிழிக்கணும். ஒரு மரியாதை வேண்டாமா? காலையில சத்திரத்துக்காரன், ‘முறி ஒழிவில்ல, வராந்தாவுல கெடங்க’ன்னான். சாயங்காலம் இந்தக் கார்னிவல் கேட்டுக்காரன். இப்பம் இவன். பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி பாக்க வந்த மனுசனை இப்பிடியா நடத்துகது?

— கேட்டுக்காரனை மட்டும் சொல்லாதீங்க. அவன் சிரிச்சதுல என்ன தப்பு? சித்திரை மாசம். கடக்கரை. நான் நெஞ்சோட சேத்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாறேன், ஒரு கம்பளிப் போர்வையை! ‘கொடைக்கானல் பஸ்ஸுன்னு நெனச்சு மாறி ஏறிட்டியளா’ன்னு கேக்கத்தான் செய்வான்.

— அத்தனை கூட்டத்துக்கு முன்னால விரிச்சுக் காட்டச் சொன்னானே, அதுவும் சரியா?

— எடுத்துக் குடுத்தது உங்க அம்மை. சொமந்தது நான். சிரிப்பு வாங்கினது நான். இதுல உங்களுக்கு என்னத்துக்குக் கோவம் வருகு?

— வேண்டாம்னு நீ சொல்லியிருக்கலாமுல்லா?

— ஆரு, நானா? மாமிகிட்டயா? நல்ல ஆளைப் பாத்தியோ! பனையோலை விசிறி வச்சேன், எடுத்து வெளிய போட்டா. தண்ணிக் கூஜா வச்சேன், ‘அங்கன தண்ணியா இல்ல’ன்னா. வெயிலுக்கு ஒண்ணும் வைக்க விடல்ல. பொறவு டிரங்குப் பெட்டியைத் திறந்து செத்துப்போன மாமாவோட கம்பளியை எடுத்து என் கையில திணிக்கா. ‘ஏட்டி, இதை ஒருத்தர் கையிலயும் குடுக்காதே’ன்னு. உங்க பெரிய மதினி காய்ச்சல்ல விறைச்சுக் கெடந்தப்போ கேட்டே குடுக்காத கம்பளி அது.

— அம்மைக்கு வயசாகுதுல்லா, சொர்ணம். ஒரு மட்டுக்குத்தான் நாம சொல்ல முடியும்.

— வயசா? கீழ பாருங்க.

— எங்க? அட எளவே! அவன் முக்காலியில உக்காந்து கடலை கொறிக்கான்! அம்மோ! அம்மோவ்! அவனை இறக்கச் சொல்லு!

— மாமி கை காட்டுகா. ‘இருங்க’ன்னு.

— பெத்த மவன் தென்னை உயரத்துல தொங்குகான், அவ கடலை திங்கா! அவனும் கைநீட்டி வாங்குகான் பாரு! ஏலே, பெல்ட்டு என்ன ஆச்சு?

— மாட்டியாச்சு அண்ணாச்சி! இப்பம் மண்ணெண்ணெய் தீந்து போச்சு. ஆளு போயிருக்கு!

— பொய்யி! பச்சைப் பொய்யி! மண்ணெண்ணெய் இல்லாமலா இத்தனை நேரம் சுத்தினே? உன் பேரை எழுதிக் குடுக்காம நான் ஊருக்குப் போகமாட்டேன்!

— சத்தம் போடாதீங்க. நீங்க குதிக்கக் குதிக்கத் தொட்டிலு ஆடுகு.

— பயமாருக்கா? என் கையைப் பிடிச்சுக்கோ.

— இந்த உயரத்துக்கு நான் பயப்படல்ல. எனக்குப் பயம் திங்கக்கிழமையை நெனச்சு.

— திங்கக்கிழமையா?

— எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளோ? கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துல உங்களுக்குக் கணக்கு எழுதுக ரைட்டர் வேலை ஆயிருக்கு. திங்கக்கிழமை பஸ்ஸுக்குப் போறியோ. ஒத்தைக்கு.

— ஆரு சொன்னா?

— பால்காரி. பால்காரிக்குத் தெரியும். ஆத்துக் கடவுல குளிக்க வந்தவளுக்குத் தெரியும். பூதப்பாண்டியில கடை வச்சிருக்கவன் ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் தெரியாது. பால் செம்பைக் கையில வச்சுக்கிட்டு, ‘ஆமா, தெரியுமே’ன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்பு சிரிக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?

— சொல்லணும்னுதான் இருந்தேன். நேரம் வாய்க்கல்ல.

— எப்பிடி வாய்க்கும்? பகல்ல பெரியவங்க முன்னால என் மொகத்தை நீங்க பாக்கப்படாது. ராத்திரி நான் வாயைத் தொறந்தா, ‘ஸ்ஸ், அம்மை முழிச்சிருக்கா’ம்பியோ. நம்ம முறிக்கும் மாமி கட்டிலுக்கும் நடுவுல ஒரு பலகை. தையில தாலி கட்டினேள். இது சித்திரை. இதுவரைக்கும் புருசன் வாயில இருந்து நான் கேட்டது ‘ஸ்ஸ்’ ஒண்ணுதான்!

— மெதுவாப் பேசு, கீழ அவனுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்! இங்கன பலகை இல்லல்லா. காக்காவுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. இன்னைக்கும் ‘ஸ்ஸ்’ம்பேளா?

— சொர்ணம், நான் சொல்லுகதைக் கேளு. கீரிப்பாறை மலை நம்ம ஊரு மாதிரி இல்ல. நெனச்ச நேரம் மழை கொட்டும். காலு வச்ச எடமெல்லாம் அட்டை. ராத்திரிக் குளிருக்குப் பல்லு தந்தியடிக்கும். ஒரு முறியும் ஒரு அடுப்பும்தான் தருவான். அங்கன உன்னை எப்பிடிக் கூட்டிட்டுப் போக?

— எங்கிட்ட கேட்டேளா?

— கேக்கல்ல.

— நம்ம வீட்டுக் கொல்லையில நின்னா அந்த மலை தெரியும். நீங்க அங்கன அட்டைகிட்டக் கடி வாங்குவியோ. நான் இங்கன நெல்லு அவிச்சுக்கிட்டே அந்த மலையைப் பாத்துக்கிட்டு நிக்கணும். இதானே உங்க ஏற்பாடு? நல்ல ஏற்பாடு!

— அம்மை விடமாட்டா, பிள்ளே.

— மாமிகிட்டயாவது கேட்டேளா?

— கேக்காமலே தெரியும். அண்ணன் கொல்லத்துல வேலை பாத்தப்போ மதினியை விட்டாளா?

— மதினி போகணும்னு கேட்டாளா?

— அது தெரியல்ல.

— அண்ணனாவது கேட்டாரா?

— தெரியல்ல. நீ என்ன கோர்ட்டுல வக்கீல் மாதிரி கேக்கிய!

— இந்த வீட்டுல ஆருமே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒண்ணும் கேக்க மாட்டியோ. எல்லாம் கேக்காமலே தெரியும் உங்களுக்கு! ஐயோ, என்ன இது, தலையில தண்ணி?

— மழை! சித்திரையில மழை! இவன் நம்மளை நனைய விட்டே கொன்னு போடுவான். ஏலே! மழை பெய்யுதுலே!

— தூத்தல்தான் அண்ணாச்சி! இப்பம் நிக்கும்!

— அந்தக் கம்பளியை விரி. வேற என்ன செய்ய? தலைக்கு மேல போடு. இன்னும் கிட்ட வா, உன் தோளு நனையுது.

— பாச்சா உருண்டை வாசம் மூக்கைத் துளைக்கு.

— அப்பா வாசமும் இருக்கு. சிரிக்கியா?

— கேட்டுக்காரன் இப்பம் நம்மளைப் பாக்கணும்.

— அவன் கெடக்கான். சொர்ணம், உண்மையைச் சொல்லட்டா? அட்டையும் குளிரும் இல்ல காரணம். அம்மை முன்னால போய் நின்னு, ‘என் பொண்டாட்டியை நான் கூட்டிட்டுப் போறேன்’னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. மேனேஜரு, கேட்டுக்காரன்னு ஊரெல்லாம் சண்டை போடுவேன். அம்மைகிட்ட மட்டும் வராது.

— அதை இப்பமாவது சொன்னேளே.

— மழை விட்டாச்சு. அங்க பாரு, மேக்க இன்னும் சூரியன் முங்கல்ல. இந்தப் பக்கம் நிலா ஏறிட்டு.

— பாக்கேன்.

— நீ வாறியா?

— எங்க?

— கீரிப்பாறைக்கு.

— அங்கன அட்டை கடிக்குமே?

— உப்பு வச்சா உதுந்துரும்.

— பல்லு தந்தியடிக்குமே?

— அடிக்கட்டும். இறங்கினதும் அம்மைகிட்ட சொல்லிருவேன். கத்தினாலும் சரி, பட்டினி கெடந்தாலும் சரி. ஆனா அதுக்கு முன்ன இவனை ஒரு கை பாக்கணும்.

— அண்ணாச்சி! இறக்கட்டுமா?

— என்ன கேள்வி லே கேக்க? இறக்கு!

— பாத்து, பைய காலு வையுங்க அக்கா. பலகை வழுக்கும்.

— அக்காவாம், அக்கா! உன் பேரு என்ன?

— கபிரியேல். மணவாளக்குறிச்சி.

— உங்க மேனேஜர் எங்க கபிரியேல்? ஒரு பொம்பளைப் பிள்ளையை மழையில தொங்க விட்டுட்டு, நீ கடலை தின்னுக்கிட்டு பெல்ட்டு, மண்ணெண்ணெய்னு கதையா சொல்லுகிய! இன்னையோட உன் வேலை போச்சு!

— அந்தப் பச்சைக் கூடாரத்துல இருக்காரு. தாராளமா சொல்லும். போகச்சில உங்க அம்மையையும் கூட்டிக்கிட்டுப் போவும்.

— அம்மையை எதுக்கு?

— அம்மைதானே நிறுத்தச் சொன்னது! ‘உச்சிக்குப் போனதும் நிறுத்து மக்கா, அதுகளுக்கு வீட்டுல பேச எடமில்ல. நான் கை காட்டினாப் பொறவு இறக்கினாப் போரும்’னு. மண்ணெண்ணெய்ப் பொய்யும் அவங்க சொல்லித் தந்ததாக்கும். எனக்குப் பெல்ட்டுக்கு மேல பொய் ஓடல்ல.

— அம்மோ! நீயா?

— அவனை வையாதே கிருஷ்ணமணி. நல்ல பிள்ளை. ராத்திரி அவ அழுகா, நீ ‘ஸ்ஸ்’ங்கிய. அந்தச் சத்தத்துல எனக்குத் தையில இருந்தே உறக்கம் இல்ல. பேசினியா?

— பேசினேன். அம்மா, திங்கக்கிழமை நான் போகும்போ... வந்து... சொர்ணத்தையும்...

— ஏட்டி சொர்ணம், கம்பளி ரொம்ப நனைஞ்சிட்டோ? நாளைக்கு வெயில்ல காயப்போடு மக்கா. வீட்டுல வச்சிட்டு வந்தா மூத்த மருமவ எடுத்து ஒளிச்சிருவா, பொறவு கீரிப்பாறைக் குளிருக்கு நீ என்னத்தைப் போத்துவே?